சுவரைப் பார்த்து டிரில் வாங்குங்கள்

வீட்டு உபயோகத்துக்கு டிரில் மெஷின் வாங்குவது, வாங்கியதைக் கையாள்வது பற்றி நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளும் எங்கள் பதில்களும்.

அண்ணாச்சி, படம் மாட்ட, அலமாரி வைக்கன்னு ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருக்கு. ஒரு டிரில் வாங்கிப் போடலாம்னு பார்த்தா, கடைக்காரர் 500 வாட்ஸ் போதும்ங்கார், கொத்தனார் ஹேமர் மெஷினா வாங்குங்கார். கையில 3,000 ரூபாய்தான் இருக்கு. எதை வாங்க?
*– வாசகர், மேலப்பாளையம்*

இருவர் சொல்வதும் சரிதான். கடைக்காரர் செங்கல் சுவரை நினைத்துச் சொல்கிறார், கொத்தனார் கான்கிரீட்டை நினைத்துச் சொல்கிறார். உங்கள் வீட்டுச் சுவர் எதுவென்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். அடுத்த முறை யாராவது துளை போடும்போது கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வைத்து, விழும் தூளைப் பாருங்கள். முதலில் வெளிறிய சாம்பல் தூள் வரும், அது பூச்சு. அரை இஞ்ச் தாண்டியதும் செந்தூளாக மாறினால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்தாலும் பிட் (மெஷினின் முனையில் மாட்டும் துளைக்கும் கம்பி) தடையில்லாமல் இறங்கினால் ஃபிளை ஆஷ் கல் அல்லது சிமென்ட் பிளாக். மாவு போல மெல்லிய தூள் கொஞ்சமாக வந்து, பிட் கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றால் அது கான்கிரீட்.

செங்கல், ஃபிளை ஆஷ், சிமென்ட் பிளாக் சுவர்களுக்கு 'இம்பாக்ட் டிரில்' போதும். சுழல்வதோடு கொஞ்சம் இடிக்கவும் செய்யும் மெஷின் இது. உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும், அதுதான் இடி. ஒரு வட்டில் 16 பல் இருந்து, நிமிடத்துக்கு 2,600 சுற்று சுற்றினால் 41,600 இடி. பெட்டிமேல் பெரிதாக அச்சிடுவது இந்த எண்ணைத்தான். எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு இடியும் சிறியது. அதுவும் நீங்கள் கையால் அழுத்தும் அளவுக்குத்தான் விழும்.

கொத்தனார் சொல்லும் 'ரோட்டரி ஹேமர்' வேறு ஜாதி. பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டை எறிந்து பிட்டின் முதுகில் அடிக்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் சம்மட்டி மாதிரி. கான்கிரீட்டில் வெண்ணெய்போல இறங்கும். ஆனால் எடை இரண்டரை, மூன்று கிலோ. பின்பக்கம் பள்ளம் வெட்டிய எஸ்.டி.எஸ். பிட் மட்டும்தான் அதில் மாட்டும். மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள சாதாரண பிட்டை மாட்டத் தனி சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) வாங்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு மெஷின் என்றால் இது வேண்டாம் என்பது எங்கள் முடிவு.

ஆக, உங்களுக்கு 500 முதல் 650 வாட்ஸ் வரை உள்ள இம்பாக்ட் டிரில். பெயர் தெரிந்த கம்பெனிகளில் 2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். 10 மி.மீ. சக் உள்ளதா, 13 மி.மீ. சக் உள்ளதா என்று கேட்பார்கள். வீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு துளை 6 மி.மீ. அல்லது 8 மி.மீ.தான், ஆகவே 10 தாராளம். கதவுக்குப் பூட்டு வைக்க, குழாய்க்கு வழிவிட என்று பெரிய பிட் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் 13 எடுங்கள்.

வாட்ஸைவிட முக்கியம், விசையை அழுத்த அழுத்த வேகம் கூடுகிறதா என்பது. 6 மி.மீ. பிட்டால் சாதாரண இரும்பைத் துளைக்க நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று போதும், 10 மி.மீ. என்றால் 900. எப்போதும் 2,800இல் ஓடும் மெஷினில் போட்டால் பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கிவிடும். முன்னும் பின்னும் சுற்றும் வசதி, இடியை நிறுத்தும் பொத்தான், பக்கக் கைப்பிடி, ஆழம் குறிக்கும் கம்பி ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

டவுனிலோ ஜங்ஷனிலோ, வாங்கும் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரான நீள பிட் ஒன்றை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு முனையைக் கவனியுங்கள். முனை ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். சின்ன வட்டம் போட்டால் சக்கோ அதன் தண்டோ கோணல், 6 மி.மீ. துளை 7 மி.மீ. ஆகிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேறு கேளுங்கள். அரை நிமிடம் சும்மா ஓடும்போது கருகல் வாடை வரக் கூடாது. பில்லில் மெஷினின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் பேசும்.

3,000 ரூபாயையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். 2,300, 2,400க்கு மெஷின், மீதியில் பிட். கார்பைடு முனை வைத்த சுவர் பிட் 6 மி.மீ. இரண்டு, 8 மி.மீ. ஒன்று, இரும்புக்கும் மரத்துக்கும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் 3, 4, 5, 6 மி.மீ.; கண்ணில் தூள் விழாமல் போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடி. மெஷினோடு பெட்டியில் வரும் நூறு சாமான் செட்டில் பிட்டுகள் பெரும்பாலும் மட்டமாகவே இருக்கும். மட்டமான பிட் போட்ட நல்ல மெஷினைவிட, நல்ல பிட் போட்ட சுமாரான மெஷின் வேலையைச் சுத்தமாக முடிக்கும்.

ஜன்னலுக்கு மேல திரைச்சீலைக் கம்பி மாட்ட டிரில் போட்டேன். முக்கால் இஞ்ச் போனதும் நின்னுட்டு. பிட் முனை சிவந்துபோச்சு. மெஷின் சக்தி பத்தலியா?
*– வாசகர், வள்ளியூர்*

இந்த ஒரு இடத்தில்தான் வீட்டு டிரில் வாங்கிய எல்லோருமே முட்டுவார்கள். ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது லிண்டல், கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். முக்கால் இஞ்ச் என்கிறீர்கள், பூச்சு முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடம் அது.

முதலில் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். மெஷின் பின்பக்கமாகச் சுற்றுகிறதா? ஸ்க்ரூ கழற்றிய பிறகு பொத்தானை மாற்ற மறந்தால் இப்படித்தான் ஆகும். பின்பக்கச் சுற்றில் பிட் வெட்டாது, தேய்க்கும், சூடேறும். அடுத்து, இடிப் பொத்தான் சுத்தியல் படத்தில் இருக்கிறதா?

இரண்டும் சரி என்றால் இடத்தை மாற்றுங்கள். லிண்டல் பெரும்பாலும் 6 இஞ்ச் உயரம். அதன் படுக்கைக் கம்பிகள் அடிப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும், விளிம்பிலிருந்து ஓர் இஞ்ச் உள்ளே ஓடும். ஜன்னல் சட்டத்தை ஒட்டி ஓர் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் மேலே துளை போட்டால் அடிக் கம்பியில் நேராகப் போய் இடிக்கும். லிண்டலின் அடியிலிருந்து 3 இஞ்ச் மேலே, நடுமட்டத்தில் போடுங்கள். அங்கே குறுக்கே நிற்கும் வளையக் கம்பி மட்டும்தான் அகப்படலாம். அகப்பட்டால் ஓர் இஞ்ச் பக்கத்தில் நகருங்கள். கம்பியை அறுத்துக்கொண்டு போக நினைக்க வேண்டாம், அது ஜன்னல் மேலுள்ள சுவரைத் தாங்குகிற கம்பி.

5 மி.மீ. பிட்டால் தொடங்கி, பிறகு 6 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள். 15 விநாடி அழுத்துங்கள், வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள், மறுபடி அழுத்துங்கள். தூள் உள்ளே அடைத்தால் பிட் தூளைத்தான் அரைத்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் இறக்கும் 35 மி.மீ. பிளாஸ்டிக் கட்டைக்கு 40 மி.மீ. ஆழம் வேண்டும். நாலு துளைக்கு ஒருமுறை மெஷினைச் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். உள்விசிறி காற்றடித்து மோட்டாரைக் குளிர வைக்கும். அணைத்துக் கீழே வைத்தால் சூடு உள்ளேயே தங்கும்.

சிவந்த பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். கார்பைடு முனை விரிசல் விடும். சிவக்கும் அளவுக்குப் போனால் முனையை ஒட்டிய பற்றவைப்பும் இளகியிருக்கும், அந்தப் பிட்டை இனி சுவரில் நம்ப முடியாது. வீடு முழுக்கப் பத்துப் பன்னிரண்டு ஜன்னல் என்றால், கட்டுமானச் சாமான் வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு ரோட்டரி ஹேமர் எடுத்து எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள்.

புது டிரில்லுல ரெண்டு பின் பிளக்குதான் இருக்கு. எர்த் இல்லாம ஷாக் அடிக்காதா?
*– வாசகி, பாளையங்கோட்டை*

மெஷினின் லேபிளில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரட்டைக் காப்பு செய்த மெஷின், அதற்கு எர்த் பின் தேவையில்லை. அந்தக் காப்பு மெஷினின் சொந்தக் கோளாறிலிருந்துதான் காக்கும். சுவருக்குள் ஓடும் ஒயரை பிட் தொட்டால் சக் வரை மின்சாரம் வரும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் பைப் அந்த வழியில்தான் இறங்கியிருக்கும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், டிரில்லைக் கையில் எடுக்குமுன் அதைப் போடுங்கள்.

எங்க வீடு நூறு வருஷத்துக்கு முந்தின வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர். டிரில் போட்டா துளை பள்ளமாயிருது, கட்டை சுத்துது, ஆணியும் நிக்கல. பெரிய மெஷின் வாங்கணுமா?
*– வாசகர், கல்லிடைக்குறிச்சி*

வேண்டவே வேண்டாம். இருக்கிற மெஷினில் இடியை நிறுத்துங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து சிமென்ட் போல விறைப்பாக இருக்காது. இடி விழ விழ உதிரும். சுழற்சி மட்டும் வைத்து, மெதுவான வேகத்தில், 6 மி.மீ. கட்டைக்கு 5 மி.மீ. பிட்டால் துளை போடுங்கள். கட்டையைச் சுத்தியலால் தட்டி இறக்கும்போது இறுக்கம் தெரிய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பூச்சு பல இடங்களில் ஓர் இஞ்சுக்கு மேல் கனமாக இருக்கும். 35 மி.மீ. கட்டையில் முக்கால்வாசி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, செங்கல்லைப் பிடிப்பதில்லை. 60 மி.மீ. கட்டை வாங்கி, அது முழுக்கச் செங்கல்லில் உட்காரும்படி ஆழமாக இறக்குங்கள். ஸ்க்ரூவும் அதற்கேற்ப மூன்றரை இஞ்ச்.

பள்ளமாகிப்போன துளைக்குப் பழைய தச்சு முறையே நல்லது. ஓர் இஞ்ச் சதுரத்தில் இரண்டரை இஞ்ச் ஆழம் செதுக்கி, தூளைத் துடைத்து, தண்ணீர் தெளியுங்கள். நன்றாகக் காய்ந்த தேக்குத் துண்டை, உள்ளே போகும் முனை கொஞ்சம் பருத்தும் வெளிமுனை ஒடுங்கியும் இருக்கும்படி இழைத்து, ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலவையில் பதித்து விடுங்கள். இரண்டு நாள் நனைத்து வந்தபின் மரத்தில் 3 மி.மீ. துளை போட்டு ஸ்க்ரூவை முடுக்கினால் சுவர்க்கடிகாரமும் நிற்கும், சாமி படமும் நிற்கும்.

ஆன்லைன்ல 88 வோல்ட் பேட்டரி டிரில் 1,800 ரூபாய்க்குப் போட்டிருக்கான். 18 வோல்ட் கம்பெனி மெஷின் 6,000. 88 தானே பவர் ஜாஸ்தி?
*– வாசகர், சங்கரன்கோவில்*

சார்ஜரைத் திருப்பி, அதன் லேபிளில் 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். 21 வோல்ட் என்றிருக்கும். லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழுக்க ஏறினால் 4.2. ஐந்து செல் சேர்த்தால் சராசரி 18, முழுச் சார்ஜில் 21. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று விற்பவை எல்லாமே அதே ஐந்து செல்தான். 21 வோல்ட் சார்ஜரால் 88 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது. பெட்டியில் எழுதியிருக்கும் 88ஐ நம்பிப் பணம் கட்டாதீர்கள். பார்க்க வேண்டியது செல்லின் கொள்ளளவு: 1.5 அல்லது 2 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்).

வருஷத்துக்கு நாலைந்து முறைதான் எடுப்பீர்கள் என்றால் ஒயர் வைத்த டிரில்லே வாங்குங்கள். பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகும், அது செத்தால் புதுப் பேட்டரி விலை மெஷின் விலையில் பாதிக்கு வந்து நிற்கும். கட்டில், அலமாரி பூட்ட, கதவுக் கீல் மாற்ற, ஸ்க்ரூ முடுக்கும் வேலை நிறைய என்றால் பேட்டரி மெஷின் கைக்கு இதம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் மட்டும் பேட்டரியைப் போட்டுவைக்காதீர்கள். பாதிச் சார்ஜில், வீட்டுக்குள் நிழலான இடத்தில் இருக்கட்டும்.

தொழுவத்துல பனங்கையில ஃபேன் கொக்கி மாட்டணும். ஆணி வளையுது. சுவருக்குப் போடுற பிட்டைப் போட்டா புகைதான் வருது.
*– வாசகர், திசையன்விளை*

சுவர் பிட் இடித்து நொறுக்கத்தான், அதற்கு வெட்டும் முனை கிடையாது. மரத்தைத் தேய்த்துக் கருக்கும். இரும்புக்குள்ள எச்.எஸ்.எஸ். பிட்டைப் போடுங்கள். வைரம் பாய்ந்த பனங்கையில் (பனைமரத்தில் அறுத்த கூரைச் சட்டம்) கருப்பு நார் கம்பிக்கற்றை மாதிரி நெருங்கி இருக்கும், மர பிட்டின் கூர்முனை அந்த நார்களுக்கு நடுவே வழுக்கி ஓடும். முதலில் ஆணியால் ஒரு குழி தட்டிவிட்டு, இடி இல்லாமல், நடு வேகத்தில், அரை இஞ்சுக்கு ஒருமுறை வெளியே இழுத்து, பிட் பள்ளத்தில் சிக்கிய நாரை எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4 மி.மீ. துளை. மரையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் பாதியில் முறியாது.

ஃபேன் தொங்குவதற்கு ஸ்க்ரூ கொக்கியை நம்ப வேண்டாம். பனங்கையைக் குறுக்கே முழுக்கத் துளைத்து, 10 மி.மீ. போல்ட் விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, நட்டுக்குமேல் இன்னொரு நட்டு வைத்து இறுக்குங்கள். ஓடும் ஃபேனின் ஆட்டத்தில் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும்.

குளியலறை டைல்ஸ்ல துளை போட்டா உடைஞ்சிருமோன்னு பயமா இருக்கு.
*– வாசகி, பெருமாள்புரம்*

இடிதான் டைல்ஸை உடைக்கிறது. பொத்தானைச் சாதாரணச் சுழற்சியில் வையுங்கள். குறித்த இடத்தில் ஒட்டும் காகித டேப்பைப் பெருக்கல் குறிபோல ஒட்டினால் பிட் வழுக்காது. ஈட்டி முனை கொண்ட கண்ணாடி பிட் வாங்கி, மிக மெதுவாக, பஞ்சில் தண்ணீர் நனைத்து இடையிடையே தொட்டுக் குளிரவைத்துத் துளையுங்கள். தண்ணீர் மெஷின்மேல் தெறிக்கக் கூடாது. வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் ஈட்டி முனை திணறும், வைரத்தூள் பதித்த குழல் பிட் தேவை. டைல்ஸ் தாண்டிச் சுவர் வந்ததும் சுவர் பிட்டுக்கு மாறுங்கள், இடி அப்போதும் வேண்டாம். டைல்ஸின் ஓரத்திலிருந்து ஓர் இஞ்சாவது தள்ளியே துளை இருக்கட்டும். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேல், கீழ் கோட்டில் போட்டால் தண்ணீர் பைப் போய்விடும்.

மூணு வருஷமான டிரில். ஓடும்போது விட்டு விட்டு நிக்குது, உள்ளே தீப்பொறி தெரியுது. தூக்கிப் போட்டுரலாமா?
*– வாசகர், தாழையூத்து*

பெரும்பாலும் கார்பன் (சுற்றும் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கட்டை) தேய்ந்திருக்கும். கார்பன் ஜோடி சில பத்து ரூபாய்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, உடலின் இரு பக்கமும் ஸ்க்ரூ டிரைவர் நுழையும் வட்ட மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திருகித் திறந்தால் ஸ்பிரிங்கோடு கார்பன் வெளியே வரும். இல்லாத மாடலில் உடலைப் பிரிக்க வேண்டும், பிரிக்குமுன் ஒயர் ஓடும் வழியைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் நீளம் 6 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்று குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். கூட்டில் இறுகினால் தொடாது, தளர்ந்தால் பொறி கூடும். மாட்டியபின் இரண்டு மூன்று நிமிடம் சுமையில்லாமல் ஓட்டினால் புதுக் கார்பன் வளைவுக்குப் படியும்.

சின்ன நீலப் பொறி இயல்பு. புதுக் கார்பன் போட்ட பிறகும் செப்புப் பட்டையைச் சுற்றி நெருப்பு வளையம் போல ஓடினால் மோட்டாரில் சுற்றும் பகுதியான ஆர்மெச்சூர் போய்விட்டது. வைண்டிங் கூலி புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தச் செலவு வேண்டாம்.

கடல்காத்துல சக் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. தேங்காய் எண்ணெய் விடலாமா?
*– வாசகர், உவரி*

தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி, தூளோடு சேர்ந்து இன்னும் இறுக்கும். பிளக்கைக் கழற்றி, சக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு தாடைகளில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் சக் சாவியால் மெதுவாக முன்னும் பின்னும் திருகித் திறந்து மூடி, துணியால் துடையுங்கள். எண்ணெய் மோட்டார் பக்கம் போகக் கூடாது என்றுதான் கீழ்நோக்கிப் பிடிக்கச் சொல்கிறோம். இனிமேல் பிட்டை மாட்டியபடியே வைக்காதீர்கள். பிட்டும் தாடையும் ஒட்டித் துருவேறுவது அதனால்தான். பிட் மாட்டும்போது சக்கின் மூன்று துளையிலும் சாவி போட்டு இறுக்குங்கள், ஒரு துளையில் மட்டும் இறுக்கினால் பிட் உள்ளே வழுக்கி வால் தேய்ந்துவிடும்.